வெள்ளைக் கழுத்து

தளவாயின் மனைவி குருவம்மாள் அவனை ஏசாமல் ஒரு பொழுதும் விடிந்ததில்லை. தென்காசியில் அவர்கள் குடியிருந்த சந்துக்கே இது தெரியும். முதலில் சேவல் கூவும், பிறகு குருவம்மாள் தொடங்குவாள். "பூசையில வச்சத எடுத்த கை விளங்குமா? என் பிள்ளைய வாரிக் குடுத்துட்டு இங்கன குத்தவச்சிக் கஞ்சி குடிக்கியளே, தொண்டையில இறங்குதா?" என்பாள். இறங்குகிறது என்றும் தளவாய் சொல்ல மாட்டான், இறங்கவில்லை என்றும் சொல்ல மாட்டான். கஞ்சிக் கும்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, குற்றாலத்துக்குப் போகிற முதல் பஸ்ஸை எடுக்கக் கிளம்பிவிடுவான்.

சந்துக்காரர்கள் இதைப் பற்றி இரண்டு விதமாகப் பேசினார்கள். பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்றார்கள் சிலர். செய்த பாவம் அப்படி, வாயைத் திறக்க முடியுமா என்றார்கள் மற்றவர்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பது சரிதான். ஆனால் மூடாத வாயிலிருந்து வருவதெல்லாம் உண்மையாகிவிடுமா? இரண்டு கட்சியும் சொன்னது தப்பு. அந்த ஏச்சு என்றைக்கும் நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே தளவாய் வாயை மூடிக்கொண்டிருந்தான். ஏன் என்று சொல்ல இலத்தூரிலிருந்து தொடங்க வேண்டும்.

இலத்தூரில் பண்ணையார் பால்வண்ணநாதனின் வயலைத் தளவாயின் அப்பன் விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு உழுதார். தளவாய் பண்ணையாரின் வில்வண்டியை ஓட்டினான். ஊரெங்கும் உப்புச் சத்தியாகிரகம் என்று பேச்சாயிருந்த வருஷத்தில் பண்ணையார் ஒரு கார் வாங்கினார். நாலு சிலிண்டர், மேலே கித்தான் கூரை, ஓட்டுகிறவன் கைப்பக்கம் ரப்பர் குமிழ் வைத்த ஊதுகுழல். மாட்டின் வாலை முறுக்கத் தெரிந்தவனுக்கு இதையும் முறுக்கத் தெரியும் என்று சொல்லி, தளவாயையே திருநெல்வேலிக்கு அனுப்பிக் கார் பழக வைத்தார். பட்டறையில் கை அழுக்காகக் கிடந்து, ஓட்டவும் கழற்றவும் மாட்டவும் கற்றுக்கொண்டு அவன் திரும்பி வந்தான்.

அந்தக் காரில் அவன் மனசைப் பறிகொடுத்தது பிளக்கிடம்தான். கட்டைவிரல் பருமன்கூட இல்லாத சாமான், எஞ்சினின் தலையில் நாலு இருக்கும். பெட்டிக்குள் மாற்றுக்கு இரண்டு கிடக்கும். வாரம் தவறாமல் கழற்றிப் பார்ப்பான். வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கிற மாதிரி, பிளக்கின் நுனியைப் பார்த்தே எஞ்சினின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம். நுனி பாக்கு நிறத்தில் இருந்தால் எல்லாம் சுகம். கரி அப்பியிருந்தால் பெட்ரோல் கூடுதலாக இறங்குகிறது. எண்ணெய் வழிந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்துவிட்டது. சாம்பல்போல் வெளுத்திருந்தால் எஞ்சின் கொதிக்கிறது, உடனே கவனி என்று அர்த்தம். எப்படி இருந்தாலும் பெட்ரோலில் ஊறப்போட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஊதி உலர்த்தித்தான் திரும்ப மாட்டுவான்.

தளவாய்க்கும் குருவம்மாளுக்கும் ஒரே மகள், தங்கத்தாய். ஆறு வயது. பேச்சு குறைவு, சேட்டை அதிகம். கார் கொட்டகையில் நிற்கும்போது போய் ஏறி உட்கார்ந்து ரப்பர் குமிழைப் பிடித்து அமுக்குவாள். பண்ணையார் காதில் விழுந்துவிடுமே என்று தளவாய் ஓடி வருவான். அவனை ஓட வைப்பதற்காகவே மறுபடியும் அமுக்குவாள்.

கார் வந்து நாலாவது வருஷம், ஆயுத பூஜைக்கு முந்தின நாள், கொட்டகை வாசலில் உட்கார்ந்து தளவாய் பிளக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். பண்ணையார் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கலப்பையை முழுசாகக் கூடத்துக்குள் தூக்கிவர முடியாது என்பதால் அதன் இரும்புக் கொழுவை மட்டும் கழற்றி வந்து சாமி முன்னால் வைப்பார்கள். கொழு வந்துவிட்டால் கலப்பையே வந்த மாதிரி. காரும் கூடத்துக்குள் வராது. அதனால் கார் வந்த நாள் முதல், காருக்குப் பதிலாகப் பிளக்குகள் இலையில் உட்கார்ந்தன. அந்த யோசனையைச் சொன்னவன் தளவாய். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

குருவம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தங்கத்தாய் தொண்டை வலிக்கிறது என்று அவள் மடியில் சாய்ந்து கிடந்தாள். "இத்தத்தண்டி சாமானுக்கு இம்புட்டு உபசாரமா?" என்றாள் குருவம்மாள்.

"மானத்துல மின்னுதுல்லா, அதுல ஒரு துளின்னு வச்சிக்கோ" என்றான் தளவாய். "அது இந்தத் தொப்பியில ஏறி, நடுக்கம்பி வழியா இறங்கி, அடியில இருக்க இந்தக் கொம்புக்குத் தாவுது. தாவுத எடத்துல பொறி. அந்தப் பொறியிலதான் பெட்ரோல் ஆவி பத்தி வெடிக்குது. வெடிக்க வெடிக்க வண்டி ஓடுது." கம்பிக்கும் கொம்புக்கும் நடுவே இரண்டு தபால் கார்டுகளைச் சேர்த்து நுழைத்துக் காட்டினான். "ரெண்டு நுழையணும், மூணாவது நுழையக் கூடாது. எடம் கூடினா பொறி தாவாது. குறைஞ்சா பொறிக்கு வலு இருக்காது."

"அது தாவாம வேற பக்கம் ஓடிட்டா?"

அவள் கேட்டது நல்ல கேள்வி. தளவாய்க்குச் சந்தோஷமாக இருந்தது. "ஓடிரக் கூடாதுன்னுதான் இந்த வெள்ளைக் கழுத்து வச்சிருக்கான். பீங்கான். இதுக்குக் காவக்காரன் வேல. மின்னல வெளிய எறங்க விடாம உள்ளயே நடத்திக் கூட்டிட்டுப் போறது இதுதான். இது நல்லா இருந்தா வண்டிக்கு ஒரு குத்தமும் வராது. காருக்குள்ள இதுதான்ட்டி பெரிய சாமி."

இவ்வளவும் சொன்னான். அந்தக் கழுத்து வெறும் கழுத்தாக இருக்க வேண்டும், அதன்மேல் எதுவும் ஒட்டக் கூடாது என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவும் இல்லை.

மறுநாள் காலையில் பூஜை. அரிவாள், மண்வெட்டி, கொழு, மரக்கால், பண்ணையாரின் துப்பாக்கி எல்லாம் வரிசையாக இருந்தன. சந்தனம் அரைக்கிற வேலை குருவம்மாளுக்கு. முந்தைய வருஷங்களில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த, பண்ணையார் வீட்டுப் பெரியம்மா காலமாகிவிட்டதால், பொட்டு வைக்கிற வேலையும் அவளிடம் வந்தது. அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் போகிறபோக்கில் ஒரு பொட்டு. பிளக்குகளிடம் வந்ததும் நின்றாள். புருஷன் சொன்ன பெரிய சாமி ஆயிற்றே. மோதிர விரலால் சந்தனத்தை வழித்து, ஆறு பிளக்குக்கும் வெள்ளைக் கழுத்தைச் சுற்றி மாலைபோல் பூசி, அதன்மேல் குங்குமம் வைத்தாள். தளவாய் கூடத்து ஓரத்தில் நின்று அதைப் பார்த்தான். அவனுக்கும் அது அழகாகத்தான் இருந்தது.

மத்தியானத்துக்குள் தங்கத்தாய்க்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. பொன்னுக்கு வீங்கி என்று நினைத்து இரண்டு நாளாகப் பற்றுப் போட்டிருந்தார்கள். இப்போது குரலே வரவில்லை. ஒவ்வொரு மூச்சும் தொண்டையில் உரசிக்கொண்டு போனது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இருவரும் பண்ணையார் வீட்டுக்கு ஓடினார்கள்.

"மறுபூசை நாளைக்குக் காலையிலதாம்லே" என்றார் பண்ணையார். "அதுக்கு முந்தி எலையில வச்சத எடுக்கப்படாதுன்னு ஒனக்குத் தெரியும்லா."

"எசமான், பிள்ளைக்கு மூச்சு நிக்கப் பாக்குது."

"எங்கிட்டக் கேக்காத. சாமிகிட்டக் கேட்டுட்டு எடு" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். பெரிய மனிதர்களுக்கு இந்த வித்தை நன்றாகத் தெரியும். இல்லை என்றும் சொல்ல மாட்டார்கள், ஆகட்டும் என்றும் சொல்ல மாட்டார்கள். நாளைக்கு எது நடந்தாலும் பழி அவர்கள் வாசல்படி ஏறாது.

குருவம்மாள் அவன் கையைப் பிடித்தாள். "வேண்டாங்க. சாமி முன்னால வச்சது. மாட்டுவண்டியக் கட்டுங்க, போயிருவம்."

"மாட்டுவண்டி போய்ச் சேர பொழுது சாஞ்சிரும்ட்டி" என்றான் தளவாய். போய் இலையிலிருந்து நாலு பிளக்கை எடுத்தான். காய்ந்துபோன சந்தனத்தை, பூஜைச் சொம்புத் தண்ணீரில் வேட்டி முனையை நனைத்துத் துடைத்தான். வெள்ளை தெரிந்தது. அது போதும் என்று மாட்டி, காரின் முன்னால் இருந்த கைப்பிடியைச் சுழற்றினான். ஒரே சுற்றில் கார் கிளம்பியது.

தென்காசியில் டாக்டர் பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்த மாத்திரத்தில், தொண்டை அடைப்பான், உள்ளே சவ்வு மூடிக்கொண்டு வருகிறது என்றார். அதற்கான ஊசி மருந்து பாளையங்கோட்டையில்தான் கிடைக்கும், காரை எங்கும் நிறுத்தாமல் போ என்று கையை நீட்டி வழி காட்டினார். தளவாய் நிறுத்தவில்லை. பாவூர்சத்திரம் தாண்டுகிற வரைக்கும் கார் குறைசொல்ல முடியாதபடி ஓடியது. அதற்கப்புறம் மழை பிடித்தது. ஐப்பசிக்கு முந்தி வருகிற மழை, காற்றோடு குறுக்கே அடித்தது. எஞ்சின் மூடியின் பக்கத்து வெட்டுகள் வழியாகச் சாரல் உள்ளே போனது. ஓர் ஓடை ரோட்டை மறித்து ஓடியதில் இறங்கி ஏறியபோது தண்ணீர் மேலே தெறித்தது. எஞ்சின் முதலில் இருமியது. பிறகு இரண்டு சிலிண்டர்கள் விட்டுப்போய் நொண்டியது. பிறகு நின்றுவிட்டது.

தளவாய் மூடியைத் தூக்கினான். பெட்ரோலில் தண்ணீர் கலந்துவிட்டது என்று நினைத்தான். பிளக்கில் குற்றம் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. நேற்றுத்தான் தன் கையால் கழுவி, தேய்த்து, கார்டு வைத்துப் பார்த்திருக்கிறான். உலகத்தில் வேறு எதை நம்பாவிட்டாலும் தன் பிளக்குகளை அவன் நம்பினான். அதனால் கார்புரேட்டரைக் கழற்றினான். பெட்ரோல் குழாயை வாயில் வைத்து ஊதினான். மழை முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. உதவிக்கு வர ரோட்டில் ஒரு வண்டி இல்லை. ஆயுத பூஜையன்று எவன் வண்டி கட்டுவான்? சுற்றுப்பட்டு ஊர்களில் எல்லா வண்டிகளும் பொட்டு வைத்துக்கொண்டு, நுகத்தடியைத் தரையில் ஊன்றிச் சும்மா நின்றன.

காருக்குள்ளிருந்து ஊதுகுழல் கேட்டது. தங்கத்தாய்தான். கூப்பிடக் குரல் இல்லாததால் அம்மையின் மடியிலிருந்து கையை நீட்டி ரப்பர் குமிழை அமுக்கினாள். "இந்தா ஆச்சுத் தாயி" என்றான் தளவாய். மறுபடியும் கேட்டது. "ஆச்சு, ஆச்சு" என்றான். குழாயை மாட்டிவிட்டுச் சுழற்றினான், கார் கிளம்பவில்லை. அதன் பிறகுதான் கடைசி முயற்சியாகச் சட்டையைக் கழற்றிப் பிளக்குகளைத் துடைத்தான். எஞ்சின் உறுமிக்கொண்டு கிளம்பி, கூப்பிடு தூரம் ஓடி, மறுபடியும் நின்றது. திரும்பவும் இறங்கினான். மூடியைத் தூக்கிய பிறகுதான் ஊதுகுழல் சத்தம் வரவில்லை என்பது உறைத்தது. அமுக்க மாட்டாளா என்று காது கொடுத்து நின்றான். மழைச் சத்தம்தான் கேட்டது.

குருவம்மாள் அழவில்லை. பிள்ளையின் முகத்தில் விழுந்த மழைத்துளியை முந்தானையால் ஒற்றிக்கொண்டே இருந்தாள்.

பிள்ளையை அடக்கம் செய்த மறுநாள், மாடு பூட்டி இழுத்து வந்த காரைத் தென்காசியில் கிதிர் முகம்மதுவின் பட்டறையில் விட்டார்கள். அவர்தான் அந்த வட்டாரத்தில் எஞ்சின் வைத்தியர். அந்தக் காலத்துப் பிளக்கை இரண்டாகக் கழற்றலாம். இரும்பு நட்டைத் திருகினால் பீங்கான் தனியே வந்துவிடும். அவர் ஒன்றைத் திருகினார். நட்டுக்கு அடியில், துணி போகாத இடுக்கில், சந்தனமும் குங்குமமும் மழைத் தண்ணீரில் குழைந்து சேறாகக் கிடந்தது. அதிலிருந்து பீங்கான் கழுத்தின்மேல் மயிரிழை மாதிரி ஒரு கரிக்கோடு மேலே ஏறியிருந்தது. மற்ற மூன்றிலும் அதே கோடு.

"பொறி உள்ள போகவே இல்ல தளவாயி" என்றார் கிதிர் முகம்மது. "ஈரச் சந்தனத்தப் பிடிச்சிக்கிட்டு வெளியிலயே எறங்கிருக்கு. வெயிலா இருந்தா ஓடியிருக்கும்." பிளக்கைப் பார்த்தபடியே, "யாரு வச்ச சந்தனம்?" என்று கேட்டார்.

தளவாய் சொன்னான். அவர் பிளக்கைத் துணியில் சுற்றிக் கீழே வைத்தார். "வீட்டுல சொல்லுதது உன் இஷ்டம். சொன்னா உன் பாரம் எறங்கிரும், எனக்குத் தெரியும். எறங்கினது எங்க போயி ஏறும்னு மட்டும் யோசிச்சிக்கோ."

சொல்லிவிடுவது என்றுதான் தளவாய் இலத்தூருக்கு நடந்தான். பொய்யோடு படுத்து எழுந்திருக்க அவனுக்குத் தெரியாது. வீட்டில் குருவம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளை போனதிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. வலதுகை மடியில் கிடந்தது. மோதிர விரலின் நகக்கண்ணில் குங்குமச் சிவப்பு இன்னும் போகவில்லை. அதைப் பார்த்தபடி அவன் எதிரே உட்கார்ந்தான்.

அவள் தலையை நிமிர்த்தினாள். "மாட்டுவண்டியில போவம்னு சொன்னேன். நீங்க பூசையில கை வச்சியளே. அதுதான் என் பிள்ளையக் கொன்னுட்டு" என்றாள்.

"ஆமாட்டி" என்றான் தளவாய். "நான்தான்."

அவள் வாயிலடித்துக்கொண்டு ஏசினாள், அவன் வம்சத்தையே இழுத்து ஏசினாள். ஏசி ஓய்ந்து, எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள். பொழுது சாய அடுப்பைப் பற்ற வைத்தாள். தளவாய் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இந்தப் பெண்ணை உயிரோடு வைத்திருக்கத் தன்னிடம் இருப்பது இந்த ஒரு பொய்தான் என்று அவனுக்கு அப்போது விளங்கியது.

பூஜையைக் கலைத்தவன் இனிமேல் என் வண்டியைத் தொட வேண்டாம் என்று பண்ணையார் சொல்லிவிட்டார். கிதிர் முகம்மது யாரிடமோ பேசி, தென்காசியிலிருந்து குற்றாலம் வழியாகச் செங்கோட்டைக்குப் போகிற பஸ்ஸில் டிரைவர் வேலை வாங்கிக் கொடுத்தார். குடித்தனம் தென்காசிக்கு மாறியது. வேறு பிள்ளை பிறக்கவில்லை. அவன் ஓட்டுகிற வண்டியில் ஏற மாட்டேன் என்று குருவம்மாள் சொல்லிவிட்டாள், ஏறவும் இல்லை. குற்றாலத்துக்குக் குளிக்கப் போனாலும் நடந்தே போய் நடந்தே வந்தாள்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் இப்படி ஓடியது. சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு பஸ் ஓட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. அங்கே மழை விழ வேண்டியதில்லை, காற்றிலேயே ஈரம் நிற்கும். ஏறுகிறவன் எல்லாம் தலையிலும் துணியிலும் அருவியைச் சுமந்துகொண்டு ஏறுவான். காலையில் எஞ்சின் மூடியைத் தொட்டால் விரல் நனையும். தளவாய் இடுப்பில் எப்போதும் ஓர் உலர்ந்த துணியைச் செருகியிருப்பான். பஸ் நின்ற இடத்திலெல்லாம் இறங்கிப் பிளக்கின் கழுத்தைத் துடைப்பான். பழைய டயர் ட்யூபை வெட்டி நாலு பிளக்குக்கும் தொப்பி மாதிரி செய்து போட்டிருந்தான். அடைமழையில் பிளக்கைக் கழற்றிக் காப்பிக் கடை அடுப்போரம் வைத்துச் சூடேற்றுவான். யுத்தம் வந்து பெட்ரோல் கிடைக்காமல், பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி அந்தப் புகையில் ஓட்டச் சொன்னபோது பிளக்குகள் இன்னும் சீக்கிரம் அழுக்கேறின. அப்போதும் தளவாயின் வண்டி வழியில் நின்றதில்லை.

மற்ற நேரத்தில் வாய் திறக்காதவன், பிளக் என்றால் மட்டும் டிரைவர்களிடம் பேசுவான். ஆயுத பூஜை நெருங்கினால் வலியப் போய்ச் சொல்வான். "பொட்டு வைக்கணும்னா மட்கார்டுல வைங்க, சக்கரத்துல வைங்க. வெள்ளைக் கழுத்துல ஒரு துளி சந்தனம் படக் கூடாது. ஈரம் பட்டா பொறி வெளியில எறங்கிரும்." இதற்கு இந்த மனிதன் இவ்வளவு படபடப்பானேன் என்று அவர்கள் சிரித்தார்கள். ஆனால் கேட்டுக்கொண்டார்கள்.

வீட்டில் அதைப் பற்றி மூச்சு விடமாட்டான். ஒருநாள் காலையில் அவள் அளவுக்கு மிஞ்சிப் போய், "பெத்த பிள்ளையக் காவு குடுத்த கை" என்றபோது, வார்த்தை அவன் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. கஞ்சியோடு சேர்த்து விழுங்கினான்.

ஆடி அமாவாசை வந்தது. குருவம்மாள் மகளை நினைத்து அருவியில் தலை முழுகிவிட்டு, முழங்கால் வீங்கிப்போய்க் குற்றாலம் பஸ் நிற்கிற இடத்துக்கு நொண்டிக்கொண்டு வந்தாள். தளவாய் அவள் அருகில் போய், "இன்னைக்கு ஒருநாள் ஏறிக்கோட்டி" என்றான். சாரல் விடுகிற மாதிரித் தெரியவில்லை. அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் ஏறி, முன்வரிசையில் உட்கார்ந்தாள். அவன் மிகவும் மெதுவாக, பள்ளம் பார்த்து ஓட்டினான்.

கோயிலைத் தாண்டுமுன் ரோட்டின் நடுவில் ஒரு புதுக் கார் நின்றுகொண்டிருந்தது. கோயிலில் பூஜை போட்டு, மாலை சாத்திக் கிளப்பிக்கொண்டு வந்திருக்கிறார்கள். உள்ளே பட்டுப்புடவைகளும் குழந்தைகளுமாக ஒரு குடும்பம் நனைந்துகொண்டிருந்தது. அதன் டிரைவர் கைப்பிடியைச் சுழற்றிச் சுழற்றிச் சோர்ந்து நின்றான். வழி விடாமல் பஸ் போக முடியாது. பஸ்ஸிலிருந்த ஆட்களும் இறங்கி வேடிக்கை பார்க்கச் சூழ்ந்தார்கள். குருவம்மாளும் இறங்கி வந்து தளவாயின் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

தளவாய் மூடியைத் தூக்கினான். நாலு பிளக்குகள், நாலு வெள்ளைக் கழுத்துகள். ஒவ்வொன்றிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம், சாரலில் கரைந்து வழிந்துகொண்டிருந்தது.

அவன் கை இடுப்புத் துணிக்குப் போய், பாதியில் நின்றது. ஒரு துடைப்பு, அவ்வளவுதான் வேலை. ஆனால் துடைத்து, இவள் கண்ணெதிரே கார் கிளம்பிவிட்டால்? "பெட்ரோல்ல தண்ணி சேந்திருக்கு" என்றான். பெட்ரோல் குழாயைக் கழற்றி வாயில் வைத்து ஊதினான். அன்றைக்கு ஊதிய அதே ஊதல். மாட்டிச் சுழற்றினான். கார் அசையவில்லை. மறுபடியும் குழாயைக் கழற்றினான்.

எதிரே வந்து நின்ற பஸ்ஸிலிருந்து டிரைவர் சுடலைமாடன் இறங்கி வந்து எட்டிப் பார்த்தான். "என்ன அண்ணாச்சி, கண்ணு மங்கிட்டா?" என்றான். "பிளக்குக் கழுத்துல எவனோ பொட்டு வச்சிருக்கான் பாருங்க. சந்தனம் நனைஞ்சா பொறி வெளியில எறங்கிரும்னு வருசா வருசம் எங்க காதுல ஓதுனது நீங்கதான? நீங்களே குழாய ஊதிக்கிட்டு நிக்கிய." சொல்லிக்கொண்டே தளவாயின் இடுப்பிலிருந்த துணியை உருவி நாலு கழுத்தையும் அழுத்தித் துடைத்தான், இடுக்கைக் குச்சியால் சுரண்டினான். சுழற்றினான். கார் ஒரே சுற்றில் கிளம்பியது. காருக்குள்ளிருந்த குழந்தை ஒன்று சந்தோஷத்தில் ஊதுகுழலை அமுக்கியது.

தளவாய் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

குருவம்மாள் திரும்பப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். பஸ் தென்காசி வந்து சேர்ந்தது. எல்லோரும் இறங்கிய பிறகும் அவள் இறங்கவில்லை. தளவாய் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"அன்னைக்கும் இதுதானா?" என்றாள்.

"இல்லட்டி. அது வேற. அன்னைக்குப் பெட்ரோல்ல தண்ணி."

"பெரிய சாமின்னு நீங்க சொன்னியளேன்னு, கழுத்தச் சுத்திப் பூசுனேன்."

"இல்லங்கேன். பூசையில கை வச்சது நான். சாமி குத்தம். ஊரே சொல்லுதுல்லா."

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்ல அவனுக்கு அந்த ஒன்றுதான் தெரியும், இன்னொன்று வரவில்லை. குருவம்மாள் தன் வலதுகையை மடியில் மல்லாத்தி வைத்து, அது யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இம்புட்டு வருசமா ஒங்கள ஏசுனேனே" என்றாள்.

"ஏசுனா என்ன? இன்னும் ஏசுட்டி. நான் கேட்டுக்கிடுதேன்."

மறுநாள் சேவல் கூவியது. தளவாய் எழுந்து முகம் கழுவி, எப்போதும்போல் கும்பாவின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான். குருவம்மாள் இடது கையால் கஞ்சியை ஊற்றினாள். வலதுகை முந்தானைக்குள் இருந்தது. அவன் காத்திருந்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட ஏதோ குறைகிறதே என்று காது கொடுத்த மாதிரி சந்து அமைதியாக இருந்தது.

"ஏட்டி, ஏதாவது சொல்லுட்டி" என்றான்.

"சாப்பிடுங்க" என்றாள் அவள், மெதுவாக.

அன்றைக்குத் தளவாய்க்குக் கஞ்சி தொண்டையில் இறங்கவில்லை.